பிலின்னா காலி செய்த பானை

பிலின்னா செத்து வந்த அன்று படகில் இருந்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். செத்தவர் வாயில் ஒரு காசும் கையில் ஒரு தேன் பணியாரமும் வைத்து அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். காசு படகுக்காரனுக்கு. பணியாரம் இங்கே வாசலில் கிடக்கும் மூன்று தலை நாய்க்கு. மற்றவர்கள் பணியாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, பிலின்னா மட்டும் தன்னுடையதைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு வந்தாளாம்.

"ஏம்மா, அது நாய்க்கும்மா!" என்று படகுக்காரன் கத்தியிருக்கிறான்.

"நாய்க்கு எதுக்குய்யா தேனு? பல்லு சொத்தையாப் போகும். அதுக்கு மூணு வாய் வேற. நீ ஒழுங்காத் துடுப்பைப் போடு."

கரையில் நாய் எழுந்து நின்றது. மூன்று வாயும் திறந்தன. பிலின்னா வெறுங்கைகள் இரண்டையும் நீட்டினாள். மெலாந்தி துறைமுகத்தில் முப்பது வருஷம் சூரை மீனை அறுத்து உப்புப் போட்டு விற்ற கைகள் அவை. பிணத்தைக் குளிப்பாட்டியபோது மூன்று தரம் எண்ணெய் தேய்த்தும் கருவாட்டு வாடை போகவில்லை. நாயின் ஒரு தலை ஒரு கையை நக்கியது, இன்னொரு தலை இன்னொரு கையை நக்கியது. மூன்றாவது தலைக்குக் கை கிடைக்காமல் அது முனகியது. "உனக்கு அப்புறம் தரேன், கத்தாதே" என்று அதன் மூக்கில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவள் உள்ளே வந்துவிட்டாள். ராஜாக்களே குப்புற விழுந்து கும்பிட்டுக் கடக்கிற வாசல் அது.

நான் அவளுக்குப் பின்னால் ஐந்து வருஷம் கழித்து வந்தவன். பெயர் மிக்கியோன். அதே ஊர்க் கொத்தன். கோயில் மதிலிலிருந்து ஒரு கல்லோடு சேர்ந்து விழுந்தேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெலாந்தியில் பாதிப் பேருக்குச் சமாதி கட்டியவன் நான்தான். மேலே இருப்பவர்கள் வார்க்கிற தேனும் பாலும் மதுவும் கீழே இறங்குவதற்குச் சமாதியில் ஒரு சுட்ட மண் குழாய் வைப்போம். அந்தக் குழாயை என்னைப் போல நேராக இறக்குகிறவன் கடற்கரையில் எவனும் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த பெரிய தப்பும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது.

நாங்கள் இருக்கிற இந்தச் சாம்பல் வெளியைப் பற்றி மேலே கண்டபடி பேசுகிறார்கள். நெருப்பு, சவுக்கு என்றெல்லாம். அதெல்லாம் பள்ளத்தில் கிடக்கிறவர்களுக்கு. மலைக்கு அந்தப் பக்கம் வீரர்களும் பெரிய வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிச் சூரியன். கோட்டை கட்டினவனுக்கு இங்கே சூரியன் கிடையாது, கட்டச் சொன்னவனுக்கு உண்டு! மற்ற எல்லோரும் வெளியில், வெளுத்த பூத்தண்டுகளுக்கு நடுவே இருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு சொட்டு உண்டு. மேலே வார்த்தால் அந்த இடத்தில் சொட்டும், குடித்தால் கொஞ்சம் உடம்பு வரும். வார்க்க ஆள் இல்லாதவர்கள் அடுப்புப் புகை மாதிரி நிற்பார்கள். ஒருவர் சொட்டை இன்னொருவர் தொடக்கூடாது என்பது சட்டம்.

நான் படகை விட்டு இறங்கியபோது பிலின்னா துறையில் நின்றுகொண்டிருந்தாள். வருகிற ஒவ்வொரு படகுக்கும் அவள் அப்படித்தான் நிற்பாளாம். என்னைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய் மிக்கியோன், என் மகனுக்குக் கல்லு நட்டது யாருடா?"

செத்து அரை நாழிகைகூட ஆகாதவனிடம் கேட்கிற கேள்வியா அது! "நான்தான் அக்கா" என்றேன்.

"உள்ள என்ன வெச்சே?"

"கார்மோஸ் போன கப்பல் உடைஞ்சு போச்சுக்கா. உடம்பு கிடைக்கலே. அவன் போர்வையை மடிச்சு உள்ள வெச்சாங்க. அவன் பொண்டாட்டி ரோதே நின்னு மூணு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டா. நான் குழாய் இறக்கினேன்."

"போர்வைக்கு ஒரு சமாதி! அதுக்கு ஒரு குழாய் வேற! அறிவு இருக்காடா உனக்கு? ரோதே கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு. என் சொட்டுக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு சொட்டு விழுந்துச்சு. அன்னையிலேருந்து ஒரு படகு விடாம பாக்கறேன். அவன் வரலே."

"அடக்கம் பண்ணாதவங்க அக்கரையில நூறு வருஷம் அலைவாங்கல்ல..."

"அக்கரையிலயும் ஆள் விட்டுக் கேட்டாச்சு. அவன் கப்பல்ல போனவன் ஏழு பேர் அங்க நிக்கறான். ஏழு பேரும் சொல்றான், கார்மோஸைக் காணோம்னு." அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் மறக்க மாட்டேன். சந்தையில் எடைக்கல்லில் ஏமாற்றியவனைக் கையும் களவுமாகப் பிடித்த முகம். "அவன் சாகலேடா. உயிரோட இருக்கறவனை நீங்க எல்லாரும் சேந்து பேர் சொல்லி இங்க அனுப்பி வெச்சிருக்கீங்க."



அதோடு அவள் சும்மா இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பிலின்னாவுக்கும் சும்மா இருப்பதற்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. கல் நட்டதற்கு இரண்டாவது வருஷ வார்ப்பு வந்தது. கார்மோஸின் சொட்டில் தேனும் பாலும் விழுந்து ஆள் இல்லாமல் மண்ணில் ஊறிப் போவதை, புகையாய் நிற்கிற பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலின்னா அவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "வாங்க, வாங்க. வீணாத்தானே போகுது, ஆளுக்கு ஒரு மடக்கு குடிங்க." அவர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் குடித்தார்கள். ஒரு கிழவருக்கு மறந்துபோன தன் பெயர் ஞாபகம் வந்து அவர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

சாவிக்காரர் வந்துவிட்டார். வாசல் சாவிகள் அவரிடம்தான். சட்டமும் அவரிடம்தான். நல்ல மனுஷன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. பூட்டு மாதிரி ஒருவர்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"யாரைக் கேக்கணும்? குடிக்க வேண்டியவன்தான் வரலேல்ல!"

"அவன் அக்கரையில அலையறான். முறை வரும்போது வருவான்."

"அலையவும் இல்லே, ஒண்ணும் இல்லே. அவன் சாகவே இல்லேய்யா! உன் சாவியைத் தூக்கி உடைப்புல போடு!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சாவிக்காரர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "நல்ல வேளை சொன்னே. மூணு தரம் பேர் சொல்லி அனுப்பினவன் மூணாவது வருஷத்துக்குள்ள கீழ வந்தாகணும். வரலேன்னா ஆள் போய்க் கூட்டிக்கிட்டு வரும். வர்ற பானை நாள்ல, நீங்க மேல போய் வர்ற அன்னைக்கு, சாயங்காலம் உங்களை வெரட்டுற குரல் குடுப்பாங்க இல்லே, அதோட அவனையும் கட்டிக் கொண்டாந்துடறோம்."

அவர் போன பிறகு மூன்று படகு வந்து போயின. பிலின்னா துறைக்குப் போகவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.  கட்டினவன் நான், காட்டிக் கொடுத்தவள் அவள்.

பிறகு அவளே திடீரென்று எழுந்தாள். "நன்னோவோட மாமன்!" என்றாள்.

நன்னோ என்பவள் மெலாந்திச் சந்தையில் பிலின்னாவுக்கு எதிர்க்கடை. அவளும் கருவாடுதான். முப்பது வருஷம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் மீன் கழுவின தண்ணீரை ஊற்றாத குறை. வீடும் எதிர் எதிர் வீடு.

"அவ மாமன் செத்துட்டான்னு கல்லு நட்டுட்டாங்க. நாலு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தான். ஊர்ல ஒருத்தரும் அண்டலே. அப்புறம் என்ன பண்ணாங்க? எங்க சின்னம்மா மடி குடுத்தா. பொம்பளை பாவாடைக்குள்ள புகுந்து வெளிய வந்து, குளிப்பாட்டி, துணியில சுத்தி, மார்ல வெச்சு, பேர் வெச்சாங்க. திருப்பிப் பெத்தாச்சு. மொத சாவு செல்லாது. அவன் அதுக்கு மேல இருபது வருஷம் இருந்துட்டுத்தான் செத்தான்."

போய் சாவிக்காரரிடமே கேட்டாள். "மேல திருப்பிப் பெத்துட்டா எனக்கு அவன் மேல பாத்தியதை இல்லை" என்று அவர் ஒப்புக்கொண்டார். "ஆனா சாயங்காலக் குரலுக்கு முன்னாடி ஆகணும். அப்புறம் நீ மேல போய் யார்கிட்டயும் பேச முடியாது, தெரியுமில்ல?"

"அது என் பாடு" என்றாள் பிலின்னா.

பானை நாளில்தான் எங்களுக்கு வாசல் திறக்கும். வசந்தத்தின் முதல் பூ வந்ததும் வருஷத்துக்கு ஒரே ஒரு பகல். மேலே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எல்லாத் தானியத்தையும் தேன் விட்டு வேகவைத்து ஒரு பானை வைப்பார்கள். அது எங்களுக்கு. உயிரோடு இருக்கிறவர் கை அதில் படக்கூடாது. நாங்கள் ஆவியைக் குடித்துவிட்டு வருவோம், பானை அப்படியே இருக்கும். எங்களுக்குச் சோறும் வைப்பார்கள், உள்ளே வந்துவிடக்கூடாது என்று கதவில் படகுக்குப் பூசுகிற கீலையும் பூசிவைப்பார்கள். வாயில் முள்செடி இலையை மென்றுகொண்டு திரிவார்கள். பெற்ற பிள்ளைகள்தான்! பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, "வெளியே போங்க, பானை நாள் முடிஞ்சுது" என்று மூன்று தரம் கத்துவார்கள். நாங்களும் மானம் கெட்டுத் திரும்பி வருவோம்.

அந்த வருஷம் எங்களோடு இறக்கைக்காரனும் வந்தான். ஆள் தூக்குகிறவன். இடுப்பில் கயிறு.

கார்மோஸைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் சொந்த வீட்டு வாசலில், கீல் பூசின கதவுக்கு வெளியே, பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாடியும் எலும்பும்தான் மிச்சம். தெருவில் பேசிக்கொண்டு போனவர்களிடமிருந்து விஷயம் தெரிந்தது. கப்பல் உடைந்தபோது கொள்ளைக்காரர்கள் கையில் மாட்டியிருக்கிறான், அவர்கள் அவனைத் துடுப்பில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தப்பித்து வந்து பத்து நாளாகிறது. ஊரில் யாரும் அவனுக்கு நெருப்புகூடக் கொடுக்கவில்லை. பாறையில் ஒட்டின சிப்பியைப் பச்சையாகத் தின்று கிடந்திருக்கிறான். பூசாரி ஒரு யோசனை சொல்லியிருந்தார். "பானை நாள் வரட்டும். சாயங்காலம் குரல் குடுப்போம். பேயா இருந்தா போயிடும். மனுஷனா இருந்தா நிப்பான். அப்புறம் சடங்கு பண்ணிக்கலாம்." கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். கூரை மேல் கயிற்றோடு உட்கார்ந்திருந்தவன் யார் கண்ணுக்குத் தெரிந்தான்?

பிலின்னா மகனைக் கட்டிப்பிடித்தாள். கை காற்றாகப் போனது. காதில் கத்தினாள், கேட்கவில்லை. கதவைத் தள்ளப் போனாள், கீல் பட்டு உள்ளங்கை கருகியது. கதவுக்குப் பின்னால் ரோதே விசும்புகிற சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது.

"தம்பி, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்று பிலின்னா கூரையைப் பார்த்துக் கேட்டாள். அவள் ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் வேலைக்காரன் அக்கா. குரல் கேட்டா எறங்கணும்" என்றான் இறக்கைக்காரன். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, இறக்கையைக் கோதிக்கொண்டே சொன்னான்.

அவள் வாசலில் உட்கார்ந்தாள். பானையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் பத்து நாள் பசியோடு அந்தப் பானைப் பக்கம் திரும்பாமல் முகத்தைச் சுவரில் வைத்திருந்தான்.

"மிக்கியோன், மேல நம்ம கை எதுல படும்?"

"நமக்குன்னு வெச்சதுல மட்டும்தான் அக்கா."

"இந்தப் பானை யாருக்கு வெச்சது?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது.  "வேண்டாம் அக்கா! செத்தவங்க சோத்தைத் தின்னா செத்தவங்களோட போயிடுவான். நம்ம ராணியம்மாவே கீழ வந்து நாலு மாதுளை முத்தைத் தின்னுட்டுத்தானே மாட்டிக்கிட்டாங்க!"

"அதானே! தின்னா நேரா என் கயித்துலதான்" என்று கூரையிலிருந்தும் குரல் வந்தது.

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்! அந்த மாதுளை கீழ காய்ச்சது, அது கீழ இருக்கறவங்க சட்டம். இது மேல வெளைஞ்ச கோதுமை. என் மருமக வேக வெச்சது. என் வீட்டு அடுப்பு. இதுக்கு நான் வெச்சதுதான் சட்டம்."

அது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனாலும் அகப்பையைப் பிடித்தாள். பிடிக்க முடிந்தது. அள்ளி மகன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அகப்பை தானாக எழுந்து வருவதைப் பார்த்துக் கார்மோஸ் அலறிப் பின்னால் சாய்ந்தான். பிறகு மூக்கைச் சுளித்தான். மறுபடியும் முகர்ந்தான்.

"அம்மா?" என்றான்.

"தின்னுடா."

"அம்மா, நீயாம்மா? இது செத்தவங்க சோறும்மா. நானும் செத்துட்டேனா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கே தெரியலேம்மா."

"தின்னுடா நாயே! செத்தவனுக்குப் பசிக்குமாடா?" அவனுக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் சின்ன வயசில் அவன் வாயை மூடிக்கொண்டால் அவள் அகப்பை நுனியால் உதட்டில் இரண்டு தட்டு தட்டுவாளாம். இப்போதும் தட்டினாள். அவன் வாயைத் திறந்துவிட்டான்.

முதல் கவளம் இறங்கியபோது நான் கூரையைப் பார்த்தேன். இறக்கைக்காரன் கயிற்றைத் தூக்கிப் பார்த்தான். கயிறு சும்மா கிடந்தது. அவன் உதட்டைப் பிதுக்கினான். அவ்வளவுதான், அப்புறம் அவள் நிறுத்தவில்லை. அவன் மெல்லுவதற்குள் அடுத்தது. தாடியெல்லாம் கோதுமை. அழுதுகொண்டே தின்றான். கடைசியில் பானையைச் சாய்த்து வழித்துப் போட்டாள்.

உருண்ட பானை கதவில் மோதியது. ரோதே கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். காலிப் பானை. அவள் போட்ட கூச்சல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"பானை காலி! ஐயோ, பானை காலி! பேய் தின்னா பானை கொறையுமா? என் புருஷன் உயிரோடதான் இருக்கான்!"

கீல் பிய்ந்து தொங்க, கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே விழுந்தாள். பானை நாளில் கதவு திறந்ததைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. பூசாரியும் வந்தார். "குரல் குடுக்கற வரைக்கும் பொறும்மா" என்றார்.

"பொறுக்க முடியாது! எங்க அத்தை வந்திருக்கு, வாசம் உங்களுக்கு வரலே? செத்தவ வந்து தன் கையால ஊட்டறான்னா குரலுக்கு முன்னாடி ஏதோ ஆகணும்னுதானே அர்த்தம்? யாராச்சும் மடி குடுங்க! நான் பொண்டாட்டி, நான் குடுக்கக் கூடாது. குடுங்க தாயே யாராச்சும்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செத்தவர் சோறு வயிற்றில் இருக்கிறவனுக்கு எவள் மடி கொடுப்பாள்? பொழுது கடலைத் தொட்டுவிட்டது. இறக்கைக்காரன் எழுந்து நின்று இடுப்பை இறுக்கிக் கட்டினான்.

எதிர் வீட்டிலிருந்து நன்னோ வந்தாள். வாயில் முள்ளிலை, கையில் கீல். மூக்கை உறிஞ்சினாள்.

"அவளேதான்! முப்பது வருஷம் இந்த நாத்தத்துலதானே குடியிருந்தேன். செத்தும் அடங்கலே பாரு!" இலையைத் துப்பினாள். "தள்ளுங்கடி. நான் குடுக்கறேன் மடி. இனிமே இவன் என் மகன். அவ கீழ போய் வயிறெரிஞ்சு சாகட்டும்!"

"ஏற்கனவே செத்துட்டேண்டி" என்றாள் பிலின்னா. ஆனால் சத்தம் வரவில்லை.

நன்னோ நடுத்தெருவில் காலை அகட்டி உட்கார்ந்தாள். நாற்பது வயசு ஆம்பிளை அவள் பாவாடைக்குள் தலையை விட்டு இந்தப் பக்கம் தவழ்ந்து வந்தான். சாதாரண நாளாக இருந்தால் ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். தண்ணீர் ஊற்றினார்கள். ரோதே தன் மேல்துணியைக் கிழித்துச் சுற்றினாள். நன்னோ அவன் தலையைத் தன் வற்றிய மார்பில் வைத்து, "அழுடா" என்றாள். அவன் முன்னமே அழுதுகொண்டுதான் இருந்தான்.

பேர் பத்தாம் நாள்தான் வைக்க வேண்டும். நன்னோ காத்திருக்கவில்லை. "கார்மோஸ், நன்னோ மகன்! கார்மோஸ், நன்னோ மகன்! கார்மோஸ், நன்னோ மகன்!" ஒவ்வொரு தரமும் பிலின்னாவின் உடம்பு சாட்டையடி பட்ட மாதிரி குலுங்கியது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. மூன்றாவது முடிந்ததும், "சத்தமாத்தான் சொல்றா முண்டை" என்றாள்.

அதற்கப்புறம்தான் தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது. வெளியே போங்க. இறக்கைக்காரன் இறங்கி வந்தான், கார்மோஸின் கழுத்தில் கயிற்றைப் போட்டான். கயிறு நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "வரேன் அக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கீழே சாவிக்காரர் காத்திருந்தார். கார்மோஸின் சொட்டு காய்ந்துவிட்டது. பிலின்னாவின் சொட்டின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

"உனக்கு மகன் கிடையாது. வார்க்க ஆள் இல்லாதவளுக்குச் சொட்டு எதுக்கு?"

"பெத்தவ நான்யா."

"அந்தப் பிறப்பு அழிஞ்சாச்சு. நீதானே கேட்டு வாங்கினே."

"அழிச்சுக்கோ. கல்லை நல்லா நடு, வேணும்னா எங்க கொத்தன் இருக்கான், ஒத்தாசை பண்ணுவான். அவன் மூச்சு விடறானா இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல."

சாவிக்காரர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நாள் போகப் போக அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். கை மட்டும் மணத்தது. என் சொட்டில் பாதியைக் கொடுத்தேன். நான் சட்டத்தை மீறாதவன். உயிரோடு இருந்தபோது ஒரு அளவுகோலைக்கூடத் தாண்டியதில்லை. சாவிக்காரர் பார்த்துவிட்டு, "மிக்கியோன், நீயுமா?" என்று கேட்டபோது, "ஆமாம், நானும்தான். உயிரோட இருக்கறவனுக்கு நான் குழாய் இறக்கினேனே, அப்ப எங்க போயிருந்துச்சு உங்க சட்டம்?" என்று கேட்டுவிட்டேன். 

அடுத்த பானை நாள் வந்தது. "எந்த வாசலுக்குடா போறது? எனக்கு ஏது வீடு?" என்று பிலின்னா உட்கார்ந்துவிட்டாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

தெரு முழுக்கக் கதவுகளில் கீல். நன்னோ தன் கதவில் இரண்டு பூச்சு பூசியிருந்தாள். எதிரே கார்மோஸின் கதவு வெறும் மரமாக இருந்தது. போன வருஷத்துக் கீலைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் பானை. பானையின் வாயில் தானியத்துக்கு மேலே ஒரு துண்டு சூரைக் கருவாடு. பானை நாளுக்குக் கருவாடு வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

"உள்ள போ அக்கா. தடுக்க ஒண்ணும் இல்லே" என்றேன்.

அவள் கதவைத் தொட்டுப் பார்த்தாள். கை கருகவில்லை. நெடுநேரம் அப்படியே நின்றாள். "வேண்டாம்டா. இந்த வாடை துணியில ஏறினா போகாது. ரோதேக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. வீட்டுக்கு வீடு வெளியே வந்து கத்தினார்கள். கார்மோஸும் வாசலுக்கு வந்தான். வாயைத் திறக்காமல் நின்றான்.

"கத்துடா! ஆத்தா சொல்றேன், கத்து! பேய் வீட்டுக்குள்ள பூந்துடும்!" என்று நன்னோ எதிர் வாசலிலிருந்து கூச்சல் போட்டாள்.

"என் வாசல்ல வெளிய போகச் சொல்ற ஆளு யாரும் இல்லே" என்றான் கார்மோஸ்.

பிலின்னா தானாகவே எழுந்தாள். மூன்று குரலும் முடியாமல் அவள் கிளம்பி நான் பார்த்ததில்லை. கருவாட்டுத் துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

வாசலில் நாய் தூரத்திலேயே எழுந்துவிட்டது. அவள் துண்டை இரண்டாகப் பிய்த்து, முதல் நாள் கை கிடைக்காத மூன்றாவது தலைக்கு ஒரு பாதியைப் போட்டாள். சாவிக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏது இது? உனக்குத்தான் மேல யாரும் இல்லையே?"

அவள் மீதிப் பாதியை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். நாங்கள் எல்லோரும், புகையாய் நிற்பவர்கள்கூட, பார்த்துக்கொண்டு நின்றோம். வெளுத்துப் போயிருந்த முகத்தில் நிறம் ஏறியது.

"உப்பு கம்மி" என்றாள். "என் மகன் இன்னும் கத்துக்கணும்."

சாவிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.